அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று
கழித்துவிட்டுத்தான் தராசே பேசத் தொடங்கும்.
இருபத்திரண்டு வருசமாக
இந்த ஏழாம் நம்பர் மலையில்
முழு ஆளாகவும் பாதி ஆளாகவும்
மாறி மாறி எழுதப்பட்டவள் நான்.
அதனால்தானோ என்னவோ
பிள்ளை அந்த விசயத்தைச் சொன்னபோது
கணக்கு மட்டும் உடனே விளங்கியது.
மற்றதெல்லாம் விளங்க ஒரு மழைக்காலம் போனது.

நான் வைத்த பெயரை இங்கே சொல்லமாட்டேன்.
தடுப்பூசி அட்டையில் இருக்கிறது,
ஓ லெவல் சேர்ட்டிபிகேட்டில் இருக்கிறது,
அங்கேயே இருக்கட்டும்.

பஸ்ஸில் பொடியன்கள்
பையைப் பிடுங்கி ஜன்னலால் எறிந்த கிழமையிலிருந்து
பிள்ளை எழும்பவில்லை.
"ஆம்பளப் புள்ள, தாங்கிக்கணும்" என்றார் அதிபர்.
காம்பிரா மூலையில் சுவரைப் பார்த்தபடி
போர்வைக்குள் ஒரு மேடு.
ரொட்டி காய்ந்தது. தேத்தண்ணியில் ஆடை படிந்தது.
பக்கத்துக் காம்பிரா பவளக்கொடி
"பேய்க்குப் பாருங்க" என்றாள்.
பார்த்தோம். மூவாயிரம் ரூபாய், ஒரு சேவல்.
பூசாரி வேப்பிலையால் அடித்த இடம்
தோளில் நாலு நாள் சிவந்து கிடந்தது.
கையை அமர்த்திப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.
இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல
எனக்கு வாயில்லை.

பிறகு ஒரு இரவு.
அதைப் பற்றி வேண்டாம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டொக்டர்,
தமிழைத் தடவித் தடவிப் பேசுகிற பெண்,
வீட்டில் எதையெல்லாம் ஒளிக்க வேண்டும் என்று சொன்னாள்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில் ஒளிக்க இடமேது.
எல்லாவற்றையும் பவளக்கொடியிடம் கொண்டுபோனேன்.
ஏன் என்று கேட்காமல் வாங்கி வைத்தாள்.

அவர் மட்டும் பேசவில்லை.
கதவுக்குக் குறுக்கே படங்கை விரித்துப்
பதினொரு இரவு படுத்தார்.
குளிருக்கு இருமினார். எழும்பி,
அந்த மேடு மூச்சு விடுகிறதா என்று பார்த்தார்.
படுத்தார்.
பன்னிரண்டாம் நாள் பெரட்டுக்களத்தில்
கங்காணி கேட்டாராம், மகனுக்குச் சுகமில்லையா என்று.
"எனக்கு மகன் இல்ல" என்றாராம் இவர்.

அந்தப் பேச்சு
எனக்கு முன்னாலேயே மலைக்கு ஏறி வந்திருந்தது.
அன்றைக்கு நான் அரைப்பேர்.
ரெண்டு நாள் அவருக்குச் சோறு கொடுத்தேன்,
முகம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சீனிக்குப் போனேன்.
செபமாலை முதலாளி கடன் கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.
வெற்றிலை. மண்ணெண்ணெய். பருப்பு அரைக் கிலோ.
அதற்குக் கீழே
நெஸ்டமோல்ட் பக்கெட் ஒன்று, மகளுக்கு.
"அப்பிடித்தான் எழுதச் சொன்னாரு.
மக யாருன்னு நான் கேக்கல."
கணக்குச் சரிபார்ப்பவள் போல
அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
சீனி வாங்க மறந்துபோனது.

தனக்கென்று அவள் வைத்துக்கொண்ட பெயர் நிலோஜினி.
என் வாயில் அது நிற்கவில்லை.
பீலிக்கரையில், தண்ணி விழும் சத்தத்துக்குள்,
ஒருத்தருக்கும் கேட்காமல் பழகினேன்.
நிலோ. நிலோஜி.
குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை கிளினிக்.
அன்றைக்கு அரைப்பேர்கூடக் கிடையாது,
செக்ரோலில் வெறும் கோடு.
நர்ஸ் பழைய பெயரைக் கூப்பிட்டாள்.
வாங்கில் எவரும் எழும்பவில்லை.
மறுபடியும் கூப்பிட்டாள்.
பக்கத்தில் முழங்கால் நடுங்குவது
என் சேலைக்குத் தெரிந்தது.
எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம்,
விலை கேட்கவும் குறைக்கவும் மட்டும்.
அதை வைத்துக்கொண்டு எழும்பினேன்.
அந்தப் பெயரில் ஆள் இல்லை மிஸ்,
இவள் என் மகள், பெயர் இது.

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.
பழையதை வெட்டவில்லை.
அதற்கு மேலே, சின்னதாக, பென்சிலால் எழுதினாள்.

பென்சில்தான்.
கணக்கப்பிள்ளையும் பென்சிலால்தான் எழுதுவார்.
ஏன் என்று எனக்குத் தெரியும்.

சில நாள் இன்னும் எழும்பமாட்டாள்.
மாத்திரை இன்னும் ரெண்டு வேளை.
அவர் இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை,
"இந்தா" என்பார், தொண்டையைச் செருமுவார்.
திரும்பி வருகிற பஸ்ஸில்
மாலு பணிசைப் பிட்டு ஒரு பாதியை நீட்டினாள்.
பசியில்லை என்றேன்.
சரி என்று
அதையும் அவளே தின்றாள்.